பென்னி லேன் ஏன் 2ஆம் இடத்தில் நின்றது: 1967 மார்ச்சில் என்ன நடந்தது?

பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் இசைக்குழு என்றாலே எல்லோரும் வெற்றிக் கணக்கைத்தான் எடுத்துவைப்பார்கள். 1964 ஏப்ரல் 4ஆம் தேதி அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை வாராவாரம் போடும் பாட்டுப் பட்டியலின் முதல் 5 இடங்களும் அவர்களுடையவை, அதே வாரம் 100 இடங்களில் 12 பாட்டு அவர்களுடையவை, பிரிட்டனில் 1963 முதல் 1966 வரை வரிசையாக 11 சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டுகள்) முதலிடம். எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு ரொம்ப நாளாகவே கண் போவது அந்த வரிசை அறுந்த இடத்தின் மேல். அந்த வரிசையில் 12ஆவதாக வந்த சிங்கிள். ஒரு பக்கம் பென்னி லேன், இன்னொரு பக்கம் ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர். அவர்கள் போட்டதிலேயே சிறந்த இசைத்தட்டு எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன், சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதுதான் பிரிட்டிஷ் பட்டியலில் 2ஆம் இடத்துக்கு மேல் ஏற முடியாமல் நின்றுபோனது.

மேலே உட்கார்ந்திருந்தது ரிலீஸ் மீ. பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். பெயரைப் பார்த்து ஜெர்மன்காரர் என்று நினைக்க வேண்டாம், அது மேனேஜர் கார்டன் மில்ஸ் ஒரு ஜெர்மன் இசையமைப்பாளரிடமிருந்து எடுத்து வைத்த மேடைப்பெயர். உண்மையான பெயர் ஆர்னல்ட் ஜார்ஜ் டார்சி, பிறந்தது 1936 மே 2, நம்ம மெட்ராஸில். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். பத்து வயது வாக்கில்தான் குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்குப் போனது. பீட்டில்ஸின் தொடர் வெற்றியை நிறுத்தியவர் மெட்ராஸில் பிறந்த ஒருவர் என்று முதல்முதலாகத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் இன்னும் போகவில்லை. இந்த விஷயத்தைத் தோண்டத் தொடங்கியதே அதனால்தான்.

சரி, முதலில் பின்னணி. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பாடியதோடு பீட்டில்ஸ் மேடைக் கச்சேரிப் பயணங்களை நிறுத்திவிட்டார்கள். அந்த மாதத் தொடக்கத்தில் யெல்லோ சப்மரீன், எலினார் ரிக்பி இரண்டும் ஒரே தட்டில் வந்திருந்தன, அதற்கப்புறம் புதிதாக ஒன்றும் வரவில்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு சிங்கிள், கிறிஸ்துமஸுக்கு ஓர் ஆல்பம் என்று பழகிய ரசிகர்களுக்கு அந்த வருஷ டிசம்பரில் கிடைத்தது பழைய பாட்டுகளின் தொகுப்பு மட்டும். அந்தத் தொகுப்பு ஆல்பம் பட்டியலில் 7ஆம் இடம் வரைதான் போனது. பீட்டில்ஸுக்கு 7ஆம் இடம்! பத்திரிகைகளில் இவர்கள் பிரியப்போகிறார்களா என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

உண்மையில் ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் நால்வரும் அப்போது லண்டனில் ஈஎம்ஐ ரெக்கார்ட் கம்பெனியின் ஸ்டுடியோவில்தான் இருந்தார்கள். நவம்பர் 24ஆம் தேதி ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஒலிப்பதிவு தொடங்கியது. லிவர்பூலின் வூல்டன் பகுதியில் சால்வேஷன் ஆர்மி நடத்திய குழந்தைகள் இல்லத்தின் பெயர் ஸ்ட்ராபெரி ஃபீல்ட், லென்னன் வளர்ந்த வீட்டுக்குப் பக்கம். அதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்கள். கடைசியில் லென்னனுக்கு ஒரு பதிவின் ஆரம்பமும் இன்னொரு பதிவின் பின்பகுதியும் பிடித்துப்போனது. இரண்டும் வெவ்வேறு சுருதி, வெவ்வேறு வேகம். இரண்டையும் ஒட்டிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் டிசம்பர் 22 அன்று ஒரு டேப்பின் வேகத்தைக் கூட்டி, இன்னொன்றைக் குறைத்து, சுருதியும் தாளமும் ஒத்துவரும் இடத்தில் வெட்டி ஒட்டினார்கள். பாட்டின் முதல் நிமிடம் முடிகிற இடத்தில் ஹெட்போனில் கவனமாகக் கேளுங்கள், ஒட்டுப்போட்ட இடம் காதில் படும். கணினி இல்லாத காலத்தில், வெறும் டேப்பையும் பிளேடையும் வைத்துச் செய்த வேலை.

பென்னி லேன் டிசம்பர் 29 அன்று தொடங்கியது. இதுவும் லிவர்பூல் தெருதான், ஆனால் மெக்கார்ட்னியின் பார்வையில். டிவியில் பாக் என்ற இசையமைப்பாளரின் இசையில் பிக்கலோ ட்ரம்பெட் என்ற சின்ன ஊதுகருவி வாசிப்பதைப் பார்த்துவிட்டு அந்தச் சத்தம்தான் வேண்டும் என்றார் அவர், வாசித்த டேவிட் மேசனையே ஜனவரி 17 அன்று ஸ்டுடியோவுக்கு வரவழைத்தார்கள். அந்த ட்ரம்பெட் இல்லாமல் இந்தப் பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இரண்டுமே அடுத்த ஆல்பத்துக்காகச் செய்த பாட்டுகள். ஆனால் புதிய சிங்கிள் உடனே வேண்டும் என்ற நெருக்கடி வந்துவிட்டது. மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் கேட்க, கையில் இருந்ததில் சிறந்த இரண்டையும் ஜார்ஜ் மார்ட்டின் தூக்கிக் கொடுத்தார். இரண்டுக்கும் சம அந்தஸ்து, இரண்டுமே ஏ-சைடு, அதாவது தட்டின் முதன்மைப் பக்கம். 1967 பிப்ரவரி 17 அன்று பிரிட்டனில் வெளியானது. சிங்கிளாக வந்த பாட்டை ஆல்பத்தில் திரும்பப் போட்டு ரசிகர்களின் காசைப் பிடுங்கக் கூடாது என்பது அவர்கள் அங்கே வைத்திருந்த வழக்கம், அதனால் அந்த வருஷம் வந்த சார்ஜண்ட் பெப்பர் ஆல்பத்தில் இந்த இரண்டும் இல்லை. பிற்காலத்தில் ஜார்ஜ் மார்ட்டின் இதைத் தன் தொழில் வாழ்க்கையின் மிகப்பெரிய தவறு என்றே வருந்தினார்.

மார்ச் 2ஆம் தேதிப் பட்டியலில் ரிலீஸ் மீ முதலிடம். பீட்டில்ஸ் அதற்குக் கீழே. ரிலீஸ் மீ 6 வாரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பென்னி லேன் காத்திருந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனது.

இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பிரபலமானது, இரண்டு ஏ-சைடு போட்டதால் விற்பனை இரண்டாகப் பிரித்து எண்ணப்பட்டது, அதனால்தான் தோற்றார்கள் என்பது. ஜார்ஜ் மார்ட்டினே இந்தப் பக்கம் சாய்ந்தவர்தான், ஏதாவது ஒன்றை மட்டும் ஏ-சைடாகப் போட்டுப் பின்னால் சாதாரணப் பாட்டு ஒன்றை வைத்திருந்தால் இன்னும் மேலே போயிருக்கும் என்பது அவர் எண்ணம். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் இந்த ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. 1965 டிசம்பரில் வந்த டே டிரிப்பர், வி கேன் வொர்க் இட் அவுட் தட்டும் இரட்டை ஏ-சைடுதான். 1966 ஆகஸ்டில் வந்த யெல்லோ சப்மரீன், எலினார் ரிக்பியும் இரட்டை ஏ-சைடுதான். இரண்டும் பிரிட்டனில் முதலிடம் போயின. இரண்டு தடவை தடுக்காத விஷயம் மூன்றாவது தடவை மட்டும் எப்படித் தடுக்கும்?

பிரித்து எண்ணும் வழக்கம் நிஜமாகவே இருந்த இடம் அமெரிக்கா. அங்கே பில்போர்ட் ஒரு தட்டின் இரண்டு பக்கங்களையும் தனித்தனிப் பாட்டாகத்தான் வரிசைப்படுத்தியது. அதனால் பிரிட்டனில் முதலிடம் பிடித்த அதே தட்டில், அமெரிக்காவில் யெல்லோ சப்மரீன் 2ஆம் இடம், எலினார் ரிக்பி 11ஆம் இடம். எலினார் ரிக்பிக்கு 11ஆம் இடம் என்று வெறுமனே படிக்கிறவருக்கு மக்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் தோன்றும். 1969 நவம்பர் 29 முதல் பில்போர்ட் இந்த முறையை மாற்றி இரண்டு பக்கத்தையும் சேர்த்து எண்ணியது, அந்த வாரமே கம் டுகெதர், சம்திங் தட்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது. பாட்டு மாறவில்லை, வாங்கியவர்களும் மாறவில்லை. எண்ணும் முறை மாறியது, அவ்வளவுதான். இதில் இன்னொன்று, பிரித்து எண்ணிய அந்த அமெரிக்காவிலேயே பென்னி லேன் 1967 மார்ச்சில் முதலிடம் பிடித்தது. ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் 8ஆம் இடம். அப்படியானால் பிரிட்டன் தோல்விக்கு இரட்டை ஏ-சைடைக் குற்றம் சொல்வது சரியாக வரவில்லை.

இரண்டாவது காரணமாகச் சொல்வது, பாட்டு ரொம்பப் புதுமையாக இருந்தது, மக்களுக்குப் புரியவில்லை என்பது. கொஞ்சம் உண்மை இருக்கலாம். கெண்ட் மாகாணத்தின் நோல் பார்க்கில் ஜனவரி கடைசியில் ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸுக்கு ஒரு விளம்பரப் படம் எடுத்தார்கள், எல்லோரும் மீசையோடு, ஒரு மரத்தடியில், சில காட்சிகள் பின்னோக்கி ஓடும். அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஒன்றில் அதைப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்டபோது பல இளைஞர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தட்டைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் பென்னி லேன். அதைவிட எளிதாக மனதில் ஒட்டும் மெட்டை எங்கே தேடுவது? புரியாதவர்கள் அந்தப் பக்கத்துக்காகவே வாங்கியிருக்கலாமே.

என் முடிவு வேறு. பீட்டில்ஸ் பக்கம் என்ன குறைந்தது என்று தேடுவதை விட்டுவிட்டு அந்த ஆறேழு மாதம் பிரிட்டனில் யார் ரெக்கார்ட் வாங்கினார்கள் என்று பாருங்கள். 1966 இலையுதிர் காலத்தில் ஜிம் ரீவ்ஸின் டிஸ்டன்ட் ட்ரம்ஸ் 5 வாரம் முதலிடம். அவர் 1964லேயே விமான விபத்தில் இறந்துபோன, கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர். டிசம்பரில் டாம் ஜோன்ஸின் கிரீன் கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம், 7 வாரம். அதுவும் கன்ட்ரிப் பாட்டு. பிப்ரவரியில் பெட்டுலா கிளார்க் பாடிய திஸ் இஸ் மை சாங், எழுதியவர் சார்லி சாப்ளின். அப்புறம் எங்கல்பர்ட். அவருக்குப் பின்னால் ஏப்ரலில் வந்தது ஃபிராங்க் சினாட்ராவும் மகள் நான்சியும் சேர்ந்து பாடியது. ஆல்பம் பட்டியலில் சவுண்ட் ஆஃப் மியூசிக் படப் பாட்டு வருஷக்கணக்கில் உச்சியில் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் குரங்குகள் என்று பெயர் வைத்துக்கொண்ட மங்கீஸ் மாதிரி சில குழுக்களும் வந்துபோயின, மற்றபடி பெரியவர்கள் கடைக்குப் போன காலம் அது. வழக்கமாக ரெக்கார்ட் வாங்காத நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் வாங்கினார்கள்.

ரிலீஸ் மீயும் அந்த வரிசைதான். 1940களின் கடைசியில் எட்டி மில்லர் எழுதிய கன்ட்ரிப் பாட்டு, 1954லேயே அமெரிக்காவில் ரே பிரைஸ், கிட்டி வெல்ஸ் என்று பலர் பாடி ஹிட் ஆனது. டாம் ஜோன்ஸுக்கும் எங்கல்பர்ட்டுக்கும் மேனேஜர் ஒருவர்தான், கம்பெனியும் ஒன்றுதான், டெக்கா. எங்கல்பர்ட் அப்போது புதுமுகம்கூட இல்லை. பத்து வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தவர், நடுவில் காசநோய் வந்து மாதக்கணக்கில் படுத்தவர். லண்டன் பல்லேடியம் அரங்கத்திலிருந்து ஞாயிறு இரவு நாடே பார்க்கும் டிவி நிகழ்ச்சியில் பாட வேண்டிய டிக்கி வாலண்டைனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, கடைசி நேரத்தில் இவரைக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து ரெக்கார்ட் பறந்தது. பிரிட்டனில் மட்டும் 10 லட்சத்தைத் தாண்டி விற்றது, மொத்தம் 56 வாரம் பட்டியலில் இருந்தது. ஒரு வருஷத்துக்கும் மேல்! அதே 1967ல் தி லாஸ்ட் வால்ட்ஸ் என்று இன்னொரு பாட்டும் 5 வாரம் முதலிடம். பீட்டில்ஸ் ரசிகர்கள் பலர் இவரை ஏதோ தப்பு செய்தவர் மாதிரி எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த மனிதர் பத்து வருஷம் காத்திருந்து வந்த ஒரு வாய்ப்பில் நன்றாகப் பாடினார். லட்சக்கணக்கானவர்களுக்குப் பிடித்தது.

இப்போது இந்த விவகாரத்தில் எனக்கு முக்கியமாகப் படும் பகுதி. நான் மேலே பட்டியல், பட்டியல் என்று சொல்லிக்கொண்டு வந்தேன், எந்தப் பட்டியல்? 1967ல் பிரிட்டனில் ஒரே ஒரு பட்டியல் கிடையாது. என்எம்ஈ பத்திரிகை 1952லிருந்து ஒன்று போட்டது. மெலடி மேக்கர் ஒன்று. டிஸ்க் ஒன்று. கடைக்காரர்களுக்கான வணிகப் பத்திரிகை ரெக்கார்ட் ரீட்டெய்லர் 1960லிருந்து ஒன்று. பிபிசி பல பட்டியல்களைச் சேர்த்துச் சராசரி எடுத்துத் தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டது. ஒவ்வொருவரும் வெவ்வேறு கடைகளிடம் கேட்டார்கள். ரெக்கார்ட் ரீட்டெய்லர் தொடங்கியபோது கேட்டது சுமார் 30 கடைகளைத்தான், மற்ற பெரிய பத்திரிகைகள் அதைவிட அதிகக் கடைகளைக் கேட்டன. எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே பட்டியல் 1969 பிப்ரவரியில்தான் வந்தது.

மெலடி மேக்கர் பட்டியலில் பென்னி லேன், ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் முதலிடம் பிடித்தது. ஆமாம், 1967 மார்ச்சில் அந்தப் பத்திரிகையை வாங்கிய ரசிகர்களைப் பொறுத்தவரை பீட்டில்ஸ் தோற்கவே இல்லை.

பிறகு எப்படித் தோல்வி வரலாறானது? 1977ல் கின்னஸ் பிரிட்டிஷ் ஹிட் பாட்டுகளின் புத்தகத்தைக் கொண்டுவந்தபோது தொகுத்தவர்கள் ஏதாவது ஒன்றை எடுத்தாக வேண்டியிருந்தது. 1960 மார்ச் வரை என்எம்ஈ, அதற்கப்புறம் 1969 வரை ரெக்கார்ட் ரீட்டெய்லர் என்று வைத்தார்கள். அந்த முடிவுதான் இன்று அதிகாரபூர்வக் கணக்கு. இதனால் இன்னொரு பாட்டும் அடிவாங்கியது. 1963 ஜனவரியில் வந்த பிளீஸ் பிளீஸ் மீ, என்எம்ஈயில் முதலிடம், மெலடி மேக்கரில் முதலிடம், ரெக்கார்ட் ரீட்டெய்லரில் 2. அன்று வாழ்ந்தவர்கள் அதை நம்பர் ஒன் என்றுதான் நினைத்தார்கள், பீட்டில்ஸும் அப்படித்தான் கொண்டாடினார்கள். பதினான்கு வருஷம் கழித்து வந்த ஒரு புத்தகம் அதை 2 ஆக்கிவிட்டது.

இந்தக் குழுவின் மற்ற சின்ன எண்களையும் இதே மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும் என்பேன். பிரிட்டனில் சம்திங் 4ஆம் இடம்தான், ஆனால் அது சிங்கிளாக வருவதற்கு ஒரு மாதம் முன்பே அபி ரோடு ஆல்பத்தில் எல்லோரும் வாங்கிவிட்டார்கள். 1967 கடைசியில் மேஜிக்கல் மிஸ்டரி டூர் தட்டு 2ஆம் இடம், மேலே இருந்தது அவர்களுடைய ஹலோ குட்பைதான். அமெரிக்காவில் 96ஆம் இடத்தில் ஒரே ஒரு வாரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போன தி இன்னர் லைட்டும் உண்டு. ஜார்ஜ் ஹாரிசன் 1968 ஜனவரியில் பம்பாய் ஸ்டுடியோவில் இந்தியக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்த இசை, சரோட், ஷெனாய், புல்லாங்குழல், பக்கவாஜ். லேடி மடோனாவின் பி-சைடாக வந்தது. பீட்டில்ஸ் சிங்கிள் ஒன்றில் இடம்பெற்ற முதல் ஹாரிசன் பாட்டு அதுதான். பி-சைடு ஒன்று, அதுவும் கிட்டார் இல்லாத பாட்டு, அமெரிக்க வானொலியைத் தாண்டிப் பட்டியலுக்குள் நுழைந்ததே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எல்லாவற்றிலும் மோசமானது 1963 அமெரிக்கா. ஈஎம்ஐக்குச் சொந்தமான கேப்பிட்டல் கம்பெனியே பீட்டில்ஸ் வேண்டாம் என்றது. சிகாகோவின் வீ-ஜே என்ற சின்ன கம்பெனி பிளீஸ் பிளீஸ் மீயை வெளியிட்டது, முதல் பிரதிகளின் லேபிளில் குழுவின் பெயரிலேயே எழுத்துப் பிழை. பில்போர்ட் நூறுக்குள் வரவில்லை. அடுத்தது ஃப்ரம் மீ டு யூ, நூறுக்கு வெளியே 116ஆம் இடம். அதே பாட்டை அமெரிக்கர் டெல் ஷானன் பாடி 77 வரை கொண்டுபோனார். செப்டம்பரில் ஸ்வான் என்ற கம்பெனி ஷீ லவ்ஸ் யூவை வெளியிட்டது, பிரிட்டனையே உலுக்கிய பாட்டு, அங்கே அசையவே இல்லை. 1964 மார்ச்சில் அதே ஸ்வான் தட்டு, ஒரு சுரம் மாறாமல், அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்தது. நடுவில் கேப்பிட்டல் மனம் மாறி விளம்பரத்துக்குப் பணம் கொட்டியது, வானொலிகள் திரும்பத் திரும்பப் போட்டன, பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியை 7 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். 1963ல் அந்தப் பாட்டு யார் காதிலும் விழவில்லை, விழுந்ததும் வாங்கினார்கள்.

1967 கதைக்கு ஒரு பின்விளைவு உண்டு, அதுதான் என்னை உண்மையாகவே உறுத்துகிறது. 2000ஆம் ஆண்டு பீட்டில்ஸின் நம்பர் ஒன் பாட்டுகளை மட்டும் தொகுத்து 1 என்ற பெயரில் ஓர் ஆல்பம் வந்தது. 27 பாட்டு. உலகம் முழுக்க கோடிக்கணக்கில் விற்றது, அதற்குப் பிறகு வந்த தலைமுறையில் பலர் இந்தக் குழுவுக்குள் நுழைந்ததே அதன் வழியாகத்தான். பென்னி லேன் அதில் இருக்கிறது, அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததால். பிளீஸ் பிளீஸ் மீ இல்லை. ஒரே தட்டின் மறுபக்கம், ஒரு மாதம் உழைத்து இரண்டு டேப்பை ஒட்டிச் செய்த ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர், அதுவும் இல்லை. பென்னி லேனை அந்த ஆல்பத்தில் கேட்டுப் பிடித்துப்போனவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்று ராத்திரி அந்த மறுபக்கத்தையும் போட்டுக் கேளுங்கள்.